இருநூற்று எண்பது விலாசங்கள்

அந்தத் திங்கட்கிழமை மாலை விஜயகுமாரியின் கம்ப்யூட்டர் சென்டரில் இருந்தவர்கள் நான்கு பேர். சென்டரை நடத்தும் விஜயகுமாரி. அங்கே கோபோல் என்னும் கம்ப்யூட்டர் மொழியைச் சொல்லிக்கொடுக்கும் ஸ்டெல்லா. அவளுக்கு நிச்சயமாகியிருந்த குறிஞ்சிப்பாடி சைமன்ராஜ். இருவருக்கும் நடுவில் நாற்காலி போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்த ஸ்டெல்லாவின் அப்பா செல்வநாதன்.

நாற்காலி நடுவில் இருந்ததற்குக் காரணம் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணும் மாப்பிள்ளையும் பேசிப் பழகுவது அவர் குடும்பத்தில் கிடையாது. முப்பத்து நான்கு வருஷம் சுரங்கத்தில் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு நாளும் தாமதமாகப் போனதில்லை. ஒருவரிடமும் ஒரு சொல் வாங்கியதில்லை.

ஆனால் இருநூற்று எண்பது கல்யாணப் பத்திரிகைக்கு விலாசம் ஒட்ட வேண்டும். கம்ப்யூட்டரில் அடித்தால்தான் மரியாதை என்று அவரே சொல்லியிருந்தார். ஸ்டெல்லா வீட்டிலேயே இரண்டு நாள் உட்கார்ந்து கோபோலில் புரோகிராம் எழுதினாள். கடலூரில் ஒரு கம்பெனியில் சி என்னும் மொழியில் புரோகிராம் எழுதும் சைமன்ராஜ், தானும் ஒன்று எழுதித் தருவதாகச் சொல்லியனுப்பினான். மாப்பிள்ளை பேச்சைத் தட்ட முடியுமா?

பேச்செல்லாம் செல்வநாதன் வழியாகத்தான் நடந்தது.

"கோபோல்ல ரெண்டு நாள் எழுதுறத சி-ல ஒரு மணி நேரத்துல எழுதிடலாம் மாமா."

"சீக்கிரமா எழுதலாம்ப்பா. தப்பு நடந்தா அது வாயத் தொறந்து சொல்லாது," என்றாள் ஸ்டெல்லா அப்பாவிடம்.

"எழுதுறவன் சரியா எழுதினா தப்பே நடக்காது மாமா."

செல்வநாதன் கையை உயர்த்தினார். "மெஷின் வேகமா ஓடுறது பெருசில்ல தம்பி. நிக்காம ஓடணும். சுரங்கத்துல பெல்ட்டு அறுந்து கெடக்கும்போது வேகத்த வெச்சிக்கினு என்ன பண்றது?"

ஸ்டெல்லா புன்னகைத்தாள். செல்வநாதன் எதிர்க்கடைக்கு டீ சொல்லப் போனார். பிரிண்டர் கரகரவென்று ஓடும் சத்தம் டீக்கடை வரைக்கும் கேட்டது. அவர் திரும்பி வந்தபோது சத்தம் நின்றிருந்தது. விஜயகுமாரி மேசை டிராயரைச் சாத்திக்கொண்டிருந்தாள்.

"என்ன, முடிஞ்சிதா?"

"தப்பா வருதுப்பா," என்றாள் ஸ்டெல்லா, தரையைப் பார்த்துக்கொண்டு.

ஆளுக்கொரு தாளை நீட்டினார்கள். பெயருக்கு ஆங்கிலத்தில் இருபது எழுத்துதான் இடமாம். அதற்குமேல் வந்ததைக் கோபோல் ஈவிரக்கமில்லாமல் வெட்டியிருந்தது. ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் சங்கரலிங்கத்துக்கு 'ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர்' மிஞ்சி, பெயரில் முதல் ஒற்றை எழுத்து மட்டும் நின்றது. சி வெட்டவில்லை. மிச்சப் பெயரைத் தள்ளிக்கொண்டுபோய் அவருடைய வீட்டு எண்ணின்மேல் உட்கார வைத்திருந்தது.

செல்வநாதனின் காது சிவந்தது. "ஒண்ணு மனுஷன் பேர அறுக்குது, ஒண்ணு வூட்ட இடிக்குது. சரியாவுற வரைக்கும் ரெண்டு பேரும் தெனம் வந்து உக்காருங்க. இது என் உத்தரவு."

செவ்வாய்க்கிழமை ஸ்டெல்லா பெயருக்கு இடத்தைக் கூட்டினாள். எல்லாம் வரிசை தவறி, ஒருவர் பெயருக்குக் கீழே இன்னொருவர் குவார்ட்டர்ஸ் எண் வந்தது. சைமன்ராஜும் இடத்தைக் கூட்டினான். எங்கே நிறுத்துவது என்று மட்டும் சொல்ல மறந்துவிட்டான். செல்வநாதனுடைய பழைய ஷிப்ட் கூட்டாளி குஞ்சிதபாதத்தின் விலாசம் அறுபது தடவை அச்சாகி, பிரிண்டரின் பிளக்கைப் பிடுங்கி நிறுத்த வேண்டியதாயிற்று.

"குஞ்சிதபாதத்துக்கு அறுபது பத்திரிகையா? அவனுக்கு ஒண்ணு குடுத்தாலே ஒம்போது பேரோட வருவான்," என்றார் செல்வநாதன்.

புதன்கிழமை விஜயகுமாரி மெல்லச் சொன்னாள். "சார், டெக்னிக்கல் பேச்சு உங்க வழியா போய் வந்தா தேஞ்சிடுது. நாற்காலிய கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கறீங்களா?"

அவர் வாசற்படிக்குத் தள்ளிப்போட்டார். வியாழக்கிழமை படிக்கு வெளியே. அடுத்த வாரம் நாற்காலி தெருவோர வேப்ப மரத்தடிக்கே போய்விட்டது. உள்ளேயிருந்து "சி-க்குப் பொறுப்பே கிடையாது", "கோபோலுக்கு வேகமே கிடையாது" என்று இரண்டு குரல்கள் மாறி மாறிக் கேட்டன. சைமன்ராஜ் கடைசி பஸ்ஸுக்குத்தான் குறிஞ்சிப்பாடி திரும்பினான்.

இதற்குள் மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. யாருக்காவது தடை தெரிந்திருந்தால் மூன்று ஞாயிறுக்குள் சொல்ல வேண்டும். மூன்றாம் ஞாயிறு கடைசி. சனிக்கிழமை காலை பஸ் ஸ்டாப்பில் செல்வநாதனைக் குஞ்சிதபாதம் பிடித்துக்கொண்டார்.

"ஏண்ணே, கம்ப்யூட்டர் சண்டையில பாப்பா கல்யாணம் நிக்கப் போவுதாமே? நம்ம குவார்ட்டர்ஸ் பிளாக்கு பூரா பேசிக்கினு இருக்காங்க."

செல்வநாதன் வீட்டுக்குத் திரும்பிச் சட்டையை மாற்றினார்.

"எங்க கெளம்பிட்டீங்க?" என்றாள் மனைவி லூசியம்மாள்.

"பங்குச் சாமியாரப் பாக்க. மூணாவது ஓலைய நிறுத்தச் சொல்லணும்."

"ஊரு என்ன சொல்லும்?"

"சொல்லட்டும். மானம் எனக்குப் பெருசுதான். ஆனா விலாசத்துலயே ஒத்துப்போவாத ரெண்டு பேரு எப்படி ஒரே வூட்ல இருப்பாங்க? எம்பொண்ணு ஆயுசுக்கும் சண்ட போட்டுக்கினு கெடக்க வேணாம்."

சொல்லிக்கொண்டே சட்டைப் பொத்தானைத் தவறான துளையில் மாட்டினார். லூசியம்மாள் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டாள். "மொதல்ல அந்த விஜயகுமாரிய ஒரு வார்த்த கேட்டுட்டுப் போங்க," என்றாள்.

சென்டரில் விஜயகுமாரி தனியாக இருந்தாள். செல்வநாதன் உட்காரவில்லை.

"நீ பக்கத்துலயே இருந்து பாத்தவம்மா. மறைக்காம சொல்லு. ஊர்ல பேசுறது நெசமா?"

விஜயகுமாரி டிராயரைத் திறந்து இரண்டு கட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஒன்று கோபோல் அடித்தது, ஒன்று சி அடித்தது. ஒவ்வொன்றிலும் இருநூற்று எண்பது விலாசம். இரண்டிலும் சங்கரலிங்கம் முழுப்பெயரோடு தம் வீட்டிலேயே இருந்தார். குஞ்சிதபாதம் ஒரே தடவை வந்திருந்தார். தாளின் தலைப்பில் அந்த முதல் திங்கட்கிழமையின் தேதி இருந்தது.

"ஊர்ல பேசுறது பொய்யிங்க சார். சண்டையே நடக்கல, தப்பெல்லாம் வேணும்னே செஞ்சது. நீங்க டீ சொல்லப் போனீங்களே, அப்பவே ரெண்டு புரோகிராமும் சரியா ஓடி முடிச்சிடுச்சு."