எட்டு சோக முகங்கள்

"கட்!" என்று கத்திய இயக்குநர், தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். "யோவ், அந்தக் கடைசிப் பையன் என்ன பண்றான்?"

"சிரிக்கிறான் சார்," என்றார் உதவி இயக்குநர்.

"அவன் பக்கத்துல நிக்கிறவன்?"

"இவன் சிரிக்கிறதைப் பார்த்துச் சிரிக்கிறான் சார்."

மலையுச்சியில் பனிமூட்டம் படத்துக்காகவே வரவழைத்தது போல் இறங்கியிருந்தது. கந்தல் சட்டை, முகத்தில் கரி, தோளில் மரத் துப்பாக்கி என்று எட்டுப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். யாருக்காகச் சண்டை போடுகிறோம் என்றே தெரியாமல் காட்டுக்குள் திரியும் குழந்தைப் போராளிகளைப் பற்றிய படம் அது. கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பனி, மௌனம், பசித்த கண்கள், அவ்வளவுதான். பனி வந்துவிட்டது. கண்கள்தான் வரவில்லை.

"நாலு மணிக்குத் தயாரிப்பாளர் வர்றாரு. ஒரே ஒரு ஷாட்டாவது சோகமா இருக்கணும். இல்லேன்னா மூட்டை கட்டச் சொல்லிடுவாரு," என்றார் இயக்குநர். "பசங்க உன் பொறுப்பு. நீதானே கூட்டிட்டு வந்தே?"

அவர்தான். காலையில் மலையடிவார நிறுத்தத்தில் பையும் கையுமாக நின்ற எட்டுப் பேரை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தவர் அவர்தான். நடிப்புப் பள்ளியில் ஒரு மாதம் சோகத்துக்கென்றே பயிற்சி எடுத்த பிள்ளைகள் என்று சொல்லியிருந்தார்கள். வழியெல்லாம் ஓயாத பாட்டு. கந்தல் சட்டையைக் கொடுத்ததும் கைதட்டினார்கள்.

பதினொரு வருடமாக உதவி இயக்குநராகவே இருப்பவர் அவர். இந்தப் படம் ஒழுங்காக முடிந்தால் அடுத்த படம் அவருக்கு என்று தயாரிப்பாளர் வாக்குக் கொடுத்திருந்தார்.

பிள்ளைகளைப் பாறையடியில் உட்காரவைத்து, தனக்குத் தெரிந்த மிகப் பெரிய சோகக் கதையைத் தொடங்கினார். அது அவருடைய சொந்தக் கதை.

"நான் வேலை செஞ்ச முதல் படம் பாதியில நின்னுபோச்சு. ரெண்டாவது படம் கால்வாசியில நின்னுபோச்சு. மூணாவது..."

"தொடங்கவே இல்லையா அங்கிள்?" என்றாள் ரெட்டைச் சடைக்காரி.

"தொடங்குச்சு. முதல் நாளே கேமரா ஆத்துல விழுந்துடுச்சு. எடுக்கப் போய் நானும் விழுந்துட்டேன்."

எட்டுப் பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டார்கள்.

"விழுந்ததை மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்க அங்கிள்!"

களைத்துப்போனால் முகம் தானாக வாடும் என்று அடுத்து ஒரு யோசனை. ஆளுக்கொரு சின்ன விறகுக் கட்டைக் கொடுத்து, சரிவில் ஏறி இறங்கச் சொன்னார். வழிகாட்ட வேண்டுமே என்று தானும் ஒன்றைத் தூக்கினார். மூன்றாவது சுற்றில் அவருக்கு நாக்குத் தள்ளிவிட்டது. பிள்ளைகள் விறகைப் போட்டுவிட்டு அவரைத் தூக்கிக்கொண்டார்கள். பாடிக்கொண்டே கொண்டுவந்து சமையல்காரர் முன்னால் இறக்கினார்கள்.

"அடுத்த விளையாட்டு என்ன அங்கிள்?"

"இது விளையாட்டு இல்ல," என்றார் படுத்தபடியே.

சமையல்காரருக்கு மனசு பொறுக்கவில்லை. "பச்சப்புள்ளைங்களைப் போய் இப்படி வேலை வாங்கறீங்களே, அடுக்குமா?" என்று ஆளுக்கு மூன்று அவித்த முட்டை கொடுத்தார். பசித்த கண்களுக்கு இருந்த கொஞ்சநஞ்ச வாய்ப்பும் போயிற்று.

மணி மூன்று. ரெட்டைச் சடைக்காரியைத் தனியே கூப்பிட்டார்.

"இனிமே நீதான் தளபதி. யாரும் சிரிக்கக் கூடாது, பேசக் கூடாது. வெளியாள் யாரையும் உள்ளே விடக் கூடாது. நிஜப் படை மாதிரி இருக்கணும். முடியுமா?"

"வெளியாள் வந்தா?"

"பிடிச்சுக் கட்டிப்போடு," என்று ஒரு வேகத்தில் சொல்லிவிட்டார்.

கால்மணி நேரம் காட்டில் அப்படியொரு அமைதி. உதவி இயக்குநருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அடுத்த படத்துக்குத் தலைப்புக்கூட யோசிக்க ஆரம்பித்தார். அப்போதுதான் பனிக்குள்ளிருந்து அலறல் கேட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தார். இடம் பார்க்கப் போயிருந்த இயக்குநர் ஒரு மரத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தார். பக்கத்து மரத்தில், சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்ட தயாரிப்பாளர்.

"அவுத்து விடும்மா! இவங்க நம்மாளுங்க!"

"அடையாள வார்த்தை சொன்னாத்தான் விடுவேன்," என்றாள் தளபதி.

"என்ன வார்த்தை?"

"அது ரகசியம்."

"யோவ், உனக்கு அடுத்த படமா?" என்று பல்லைக் கடித்தார் இயக்குநர். "ஒரு சோக முகம் கேட்டேன்யா! ஒண்ணே ஒண்ணு!"

"எனக்கு முகமும் வேண்டாம், படமும் வேண்டாம்," என்றார் தயாரிப்பாளர். "முதல்ல யாராவது என் மூக்கைச் சொறிஞ்சு விடுங்கய்யா."

பிள்ளைகள் மறுபடி சிரிக்க ஆரம்பித்தார்கள். உதவி இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துச் சரிவில் ஒரு பெண்மணி மூச்சிரைக்க ஏறி வந்தார். தலையில் மஞ்சள் தொப்பி, கழுத்தில் விசில். மலைக்கு அந்தப் பக்கம் பிள்ளைகளுக்கு விடுமுறை விளையாட்டு முகாம் நடத்துபவராம். மரத்தில் இருந்த இருவரையும் அவர் கவனிக்கவே இல்லை.

"சார், உங்ககிட்ட டாக்டர் யாராவது இருக்காங்களா?" என்றார் பதற்றத்தோடு. "காலையில எங்க முகாமுக்கு வந்த எட்டுப் பசங்களும் சாப்பிட மாட்டேங்கறாங்க, சிரிக்க மாட்டேங்கறாங்க, பேயறைஞ்ச மாதிரி பனியையே வெறிச்சுப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. விளையாட வாங்கன்னா, 'கேமரா எங்கே'ன்னு கேக்கறாங்க சார்!"