ஒரு சைஸ் பெரிய தோட்டா

எங்கள் வீட்டில் எதை வாங்கினாலும் ஒரு சைஸ் பெரிதாகத்தான் வாங்குவோம். மகளின் பள்ளி ஷூவுக்குள் முதல் வருடம் காகிதம் இருக்கும். மறு வருடம்தான் கால் நிறையும். மெல்பனில் கிளென் வேவர்லி வீட்டுக்கு வாங்கிய ஃபிரிட்ஜ் சமையலறைக்குள் நுழைய மறுத்து இன்றும் கராஜில் நிற்கிறது. (இட்லி மாவு, மீன், என் மானம் எல்லாம் அதில்தான் பத்திரமாக இருக்கின்றன.) இந்தப் பழக்கத்தோடுதான் நான் மிளா வேட்டைக்குத் தோட்டா வாங்கப் போனேன்.

மிளா நம் பக்கத்து மான்தான். வெள்ளைக்காரர்கள் கப்பலில் கொண்டுவந்து விட்டார்கள், விசா எதுவும் கேட்காமல் விக்டோரியா மலைகளில் பெருகிவிட்டது. அதைப் பல வருடங்களாக வேட்டையாடுகிறவர் என் அலுவலக நண்பர் ஜெயந்தன், யாழ்ப்பாணத்துக்காரர். எனக்கும் ஆசை வந்து, உரிமமும் வாங்கியபின், கடைக்குக் கூட்டிப்போனார்.

"உமக்கு 308 தோட்டாவே காணும். துவக்கு உதைக்கிறதையும் தாங்குவீர், மிளாவும் விழும்."

நான் பக்கத்திலிருந்த 338 மேக்னம் தோட்டாப் பெட்டியைப் பார்த்தேன். "இது இன்னும் பெரிசா இருக்கே?"

"பெரிசுதான். உமக்கு உதை தாங்காது. சரியான இடத்தில பட்டாத்தான் மான் சாகும், பெரிசெண்டு சாகாது. ஒரு வெடியில முடியோணும். ஏலாட்டிச் சுடக்கூடாது. எனக்கு அந்த ஒரு வாக்குத் தாரும்."

"ஒரே வெடிதான், ப்ராமிஸ்" என்றேன், 338 பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி. அதற்கேற்ற துப்பாக்கியையும் வாங்கினேன்.

பயிற்சித் திடலில் முதல் வெடிக்கே தோள் கழன்றுவிட்டதென்று நினைத்தேன். அதன்பின் விசையை இழுக்குமுன்பே கண் தானாக மூடிக்கொண்டது.

"நீர் கண்ணை மூடுறீர்."

"வெயில் கூசுதுங்க." (மெல்பனில். ஜூலை மாதக் குளிரில்.)

அடுத்த தடவை எப்படியோ ஒன்று குறி அட்டையின் நடுவில் பட்டுத் தொலைத்தது. அதைக் காட்டியே அவரை நச்சரித்து மலைக்குக் கிளம்ப வைத்தேன்.

காலையில் பள்ளத்தாக்கின் எதிர்ச்சரிவில் மிளா பக்கவாட்டில் நின்றது. "அவசரப்படாதையும்" என்றார் ஜெயந்தன். நான் மானை நினைக்கவில்லை, என் தோளை நினைத்தேன். கண்ணை மூடினேன், கழுத்தை நீட்டினேன், சுட்டேன். துப்பாக்கி பின்னால் உதைக்க, குறிபார்க்கும் ஸ்கோப்பின் விளிம்பு என் புருவத்தைப் பிளந்தது. குப்புற விழுந்து, "ஐயோ, செத்தேன்!" என்று அலறினேன். செத்தவன் அவ்வளவு சத்தம் போட்டது அந்தக் காட்டில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

ஜெயந்தன் என்னைப் பார்க்கவில்லை. எதிர்ச்சரிவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வயித்தில பட்டிட்டுது."

என் புருவத்தில் பிளாஸ்திரியை ஒட்டிவிட்டு நடக்கத் தொடங்கினார். ரத்தம் தெறித்த இலைகளைப் பார்த்துப் பார்த்துப் போனோம். மத்தியானம்தான் ஓடைக்கரையில் கண்டோம். உயிர் இருந்தது. முன்னங்காலை ஊன்றி எழப் பார்த்தது, முடியவில்லை. எங்களைப் பார்த்தது. நான் துப்பாக்கியைத் தூக்கினேன், கண் மறுபடியும் தானாக மூடிக்கொண்டது. ஜெயந்தன் என் குழலைத் தாழ்த்திவிட்டுத் தன் 308-ஆல் முடித்தார். பிறகு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நான் வெட்கத்தில் அழுதேன். புருவம் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டேன்.

துப்பாக்கியை விற்றுவிட்டேன். புருவத்துத் தழும்பை யாரும் வாங்கமாட்டார்கள். கடையில் நான் பெரிய டப்பாவைத் தொட்டாலே என் மனைவி, "என்னங்க, புருவம்!" என்பாள். விருந்துக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கதையை நடித்தே காட்டுவாள். நான் குப்புற விழும் இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள், கதையும் முடிந்துவிடும்.

ஒரு தடவை மட்டும் மகள், "அப்புறம் அந்த டீர் என்னாச்சுப்பா?" என்று கேட்டாள். அன்று ஜெயந்தனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஓடிப்போச்சும்மா" என்றேன்.

மகள் அவரைப் பார்த்தாள். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஓம் பிள்ளை" என்றார். "கனதூரம் ஓடினது."