புதன்கிழமை நாலு மணிக்குக் கொசு கடிக்காது

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. இங்கே நானும் என் இரண்டு கால்களும் சுகம். அங்கே நீ, உன் மகன், மருமகள், உன் முழங்கால் எல்லாரும் சுகம்தானா? மேற்கொண்டு எழுதுவதற்கு முன் ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். சுகாதார அலுவலகத்தில் ஆராய்ச்சிப் பிரிவில் இருக்கிறேன் என்று இரண்டு வருஷமாக உன்னிடம் சொல்லி வருகிறேன், நீயும் அதை அக்கம்பக்கமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாய். ஆராய்ச்சிப் பிரிவுதான், பொய்யில்லை. ஆனால் ஆராய்ச்சி செய்வது மற்றவர்கள். நான் கால்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டிவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து, கொசுவுக்குக் கால் காட்டுகிறவன். அஞ்சாம் வகுப்போடு நின்றவனுக்கு வேறு எந்த ஆராய்ச்சியைக் கொடுப்பார்கள்?

பஸ் பட்டறைக்குப் பின்னால், பழைய டயர் குவிந்து கிடக்கும் சுவரோரம்தான் என் ஆபீஸ். கையில் ஒரு கண்ணாடிக் குழல், அதன் வாலில் ரப்பர் குழாய், குழாயின் நுனி என் வாயில். கொசு காலில் வந்து உட்கார்ந்ததும், அது ஊசியை இறக்குவதற்குள் குழலைக் கவிழ்த்து உறிஞ்ச வேண்டும். உறிஞ்சியதைக் காகிதக் கோப்பைக்குள் ஊதிவிட வேண்டும். கோப்பையின் வாயில் வலைத்துணி போட்டு ரப்பர் வளையம் மாட்டியிருக்கும். ஒரு மணிக்கு ஒரு கோப்பை, எண்ணி நோட்டில் எழுத வேண்டும். கொசு நம் தொண்டைக்குள் போகாமலிருக்கக் குழாய்க்குள் ஒரு சின்ன வலை உண்டு. முதல் நாள் அது இல்லாத குழாயைக் கொடுத்துவிட்டார்கள். உள்ளே போனதை எந்த மணிக்கணக்கில் எழுதுவது என்று அதிகாரியம்மாவிடம் கேட்டேன், அவர் சிரிக்கவில்லை. பூச்சிகளைப் பற்றிப் பெரிய படிப்புப் படித்தவர். முதுகுக்குப் பின்னால் நான் வைத்திருக்கும் பெயர் பூச்சியம்மா.

அவர் சொல்லித்தான் தெரிந்தது, கொசுவுக்கும் ஷிப்ட் உண்டு. காலில் வெள்ளை வரி போட்டவள் பகல் ஷிப்ட். விடிந்ததிலிருந்து எட்டு ஒன்பது மணிவரை ஒரு கை பார்ப்பாள், மத்தியானம் அசந்துவிடுவாள், சாயங்காலம் நாலு மணியிலிருந்து இருட்டும்வரை மறுபடியும் வருவாள். சாக்கடையில் பிறந்தவள் ராத்திரி ஷிப்ட், அதற்குக் கால் காட்ட வேறு ஆள் இருக்கிறார். கடிப்பது எல்லாமே பொம்பளைக் கொசுதான், ஆம்பளைக் கொசுவுக்குக் கடிக்கவே வாயில்லை என்றும் சொன்னார். உடனே எனக்கு உன்னையும் செத்துப்போன அத்தானையும்தான் நினைவு வந்தது. கோபித்துக்கொள்ளாதே.

நாலு வருஷத்துக்கு முன்னால் நீ வந்தபோது உன்னைக் கடித்தது இந்த வரிக்கால்காரிதான். மழை விட்டு மூன்றாவது வாரம் வந்தாய், அதுதான் அவளுக்குக் கொண்டாட்டக் காலம். காலையில் பின்வாசல் படியில் உட்கார்ந்து தலை காய வைத்தாய், அதுதான் அவளுக்குச் சாப்பாட்டு நேரம். நானோ ராத்திரி வலை கட்டி, நாலு பக்கமும் பாய்க்கடியில் செருகி, உன்னைப் பத்திரமாகப் படுக்க வைத்தேன். பகலில் கடிக்கிறவளுக்கு ராத்திரியில் வலை கட்டிய மேதாவி நான். எட்டாம் நாள் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். அதோடு உன் மகன், மாமா வீட்டுப் பக்கம் அம்மா தலைவைத்தும் படுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டான். அவன் சொன்னதில் தப்பில்லை. "கொசுவே இல்லாத நேரம்னு ஒண்ணு இருந்தா எழுத்துல காட்டுங்க மாமா, அன்னிக்கு அனுப்புறேன்" என்றான் பார், அதுதான் என்னைப் பிடித்து ஆட்டியது.

காட்டினேனே! ஆபீஸில் என் நோட்டைப் பார்த்துப் பெரிய தாளில் கோடு போட்டு மாட்டியிருக்கிறார்கள். ஏணி வைத்த மாதிரி ஏறிப் போகிற சாயங்காலக் கோடு, புதன்கிழமை நாலிலிருந்து அஞ்சுவரை மட்டும் கிணற்றில் விழுந்த மாதிரி விழுந்து கிடக்கும். அதைப் படம் எடுத்து உன் மகனுக்கு அனுப்பினேன். அவன் என்ஜினியர் அல்லவா, கோட்டைப் பார்த்ததும் நம்பிவிட்டான். வருகிற மாதம் முதல் புதன், நாலு மணிக்கு வந்து அஞ்சு மணிக்குக் கிளம்புவதாக உனக்கு டிக்கெட்டும் போட்டுவிட்டான். ஒரு மணி நேர விருந்தாளி. அதற்கே நான் இரண்டாவது நாற்காலி வாங்கிவிட்டேன். என் வீட்டில் என்னோடு பேசுவதற்கு ஒரு மேஜை விசிறிதான் இருக்கிறது, அதுவும் நான் எதைச் சொன்னாலும் இப்படியும் அப்படியும் தலையை ஆட்டி மாட்டேன் என்கிறது.

பூச்சியம்மாவுக்கு மட்டும் அந்தக் கிணறு உறுத்திக்கொண்டே இருந்தது. "செவ்வாய் பதினெட்டு, வியாழன் இருபத்தொண்ணு, புதன் மட்டும் முட்டை. எப்படிங்க?" என்றார். "அதுங்களுக்கும் வாரத்துல ஒரு நாள் லீவு வேணாமாம்மா?" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்! அடுத்த புதன் பெரிய அதிகாரியைக் கூட்டிக்கொண்டு வந்து என் காலைச் சுற்றி நின்றார்கள். நீ நாலு தடவை போன் அடித்தாய், நான் எடுக்கவில்லை. கோப்பையில் பத்தொன்பது. ("செத்துகித்துத் தொலைஞ்சியோன்னு பயந்துட்டேன்டா" என்று ராத்திரி திட்டினாயே, அன்றைக்குத்தான்.) அடுத்த புதன் யாரும் வரவில்லை, நீ கூப்பிட்டாய், மறுபடியும் முட்டை. "மேலதிகாரி வந்தா மட்டும் வேலை செய்யுது, நம்ம ஆபீஸ்லயே பழகியிருக்கும்போல" என்றார் பெரியவர்.

அவர் சிரித்துவிட்டுப் போனதோடு விட்டிருந்தால் நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். ஆனால் பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் விளையாட்டு வகுப்பை அந்த நேரத்துக்கு மாற்றச் சொல்லிக் கடிதம் தயார் செய்கிறார்கள் என்று தெரிந்தது. நானூறு பிள்ளை, எண்ணூறு கால்.  நேரே பூச்சியம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

"அம்மா, அது கொசு வராத நேரம் இல்ல. எங்க அக்கா போன் பண்ற நேரம்."

"போன் பேசுனா பிடிக்க முடியாதா?"

"வாயில குழாய் இருக்குதேம்மா. ஒண்ணு பேசணும், இல்ல உறிஞ்சணும். கொசுவைத் தட்டிவிட்டுட்டுப் பேசிக்கிட்டிருப்பேன்."

அவர் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. ரெண்டு வருஷத்து நோட்டையும் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக்கொண்டே இருந்தார். கடைசியில், "அப்ப மத்த நாள்ல எங்கயுமே குறையலையே. வாரத்துல இந்த ஒரு மணி நேரம் தவிர உங்ககிட்ட யாரும் பேசவே மாட்டாங்களா?" என்றார்.

"அதனாலதான்மா என் கணக்கு இவ்வளவு சுத்தமா இருக்குது" என்றேன். நல்ல பதில்தானே? அதற்கும் அவர் சிரிக்கவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்து, அந்தப் பத்தொன்பதைத் தவிர எல்லாப் புதன்கிழமைக்கும் நாலு மணியின் மேல் குறுக்கே கோடு போட்டார். நூற்றுச் சொச்சம் கோடு. நாம் பேசிய உன் முழங்கால், உன் மருமகளின் சட்னி, எதிர்வீட்டுக்காரி, எல்லாம் அடிபட்டுப் போயிற்று. பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் போகாது.

அதனால் அக்கா, டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொல். நீ வராதே. இங்கே போன வாரம்தான் மழை விட்டது, நீ வருகிற புதன் சரியாக மூன்றாவது வாரம். காரணம் தெரிந்தேதான் உன் மகனுக்கு அந்தப் படத்தை அனுப்பினேன், அதற்கு என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, போனிலேயே திட்டு. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால், "சரிடா, வரல" என்று அந்த நிமிஷமே முடித்துவிடுவாய். கடிதம் என்றால் உன் கைக்கு வந்து சேர நாலு நாள் ஆகும். அந்த நாலு நாளும் நீ வருவதாகத்தானே இருக்கும்?

உண்மையான நோட்டில் ஒரு நல்ல நேரம் இருக்கிறது. மழைக்கு முந்தின கடும் வெயில் மாதம், பன்னிரண்டிலிருந்து இரண்டுவரை. அப்போதும் முட்டை இல்லை, மணிக்கு ஒன்று வரும். வா. அந்த ஒன்று உன் காலில் உட்காராமல் பார்த்துக்கொள்ள நான் குழாயை வாயில் வைத்துக்கொண்டு உன் எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ரெண்டு மணி நேரமும் நீயே பேசு. நான் தலையை ஆட்டுகிறேன், விசிறி மாதிரி இல்லை, மேலும் கீழும்.

வீட்டில் எல்லாருக்கும் என் அன்பு. என்ஜினியருக்கு என் மன்னிப்பு. உன் காலைத் தொட்டுக் கும்பிட்டு, கூடவே சாயங்காலத்தில் அதை மூடியே வைத்திரு என்றும் கேட்டுக்கொள்ளும்,

உன் தம்பி

(கவரின் பின்பக்கம்)

பின்குறிப்பு: மத்தியானம் கூட்டம் குறைவு என்று முக்காலியில் உட்கார்ந்தேதான் இதை எழுதினேன். கவரை ஒட்டிய பிறகு பார்த்தால் கோப்பையின் ரப்பர் வளையம் கழன்று கிடக்கிறது. மூன்று இருக்க வேண்டும், இரண்டுதான் இருக்கிறது. காலில் இல்லை, சட்டைக்குள்ளும் இல்லை. கவரை வீட்டுக்கு வெளியே வைத்துப் பிரி.