செய்யூர் முறையில் தக்காளி நடவு

நிச்சயதார்த்தத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் சில மாதங்கள் இருக்கும். அந்த மாதங்களில் மாப்பிள்ளைக்கு 'தெரியாது' என்ற சொல் மட்டும் வாயில் வராது. கார் ஓட்டுவீர்களா என்றால் ஓட்டுவேன். மிக்ஸி ரிப்பேர் பார்ப்பீர்களா என்றால் பார்ப்பேன். பிரசவம் பார்ப்பீர்களா என்று கேட்டிருந்தால்கூட "பாத்துக்கலாம் மாமா" என்றுதான் சொல்லியிருப்பேன். என்னிடம் கேட்டது அதைவிடச் சுலபமான விஷயம். தக்காளிச் செடியை இடம் மாற்றி நட வேண்டும் என்றார்கள்.

கேட்டவர் எனக்கு நிச்சயமாகியிருந்த நித்யாவின் அப்பா. புதுப்பட்டினத்தில் கடலோரமாகச் சொந்த வீடு, அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு. ஓய்வு பெற்றவர்கள் கோயிலுக்குப் போவார்கள், வாக்கிங் போவார்கள். இவர் மொட்டை மாடிக்குப் போனார். அங்கே பச்சை வலை கட்டி, பிவிசி பைப்புகளைப் படுக்க வைத்து, பைப்பில் ஓட்டை, ஓட்டையில் ஒரு பிளாஸ்டிக் கப், கப்பில் ஒரு செடி என்று மண்ணே இல்லாமல் தக்காளி வளர்த்தார். சத்து கலந்த தண்ணீர் பைப்புக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். ஹைட்ரோபோனிக்ஸ் என்று அவர் சொல்வார். என் அம்மா 'குழாய்த் தக்காளி' என்பாள்.

அவருக்கு விவசாயிகள் மேல் அளவு கடந்த மரியாதை (வயலில் இறங்காதவர்களுக்குத்தான் அது அவ்வளவு வரும்). என் ஜாதகத்தோடு போன போட்டோவில் நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நடவு நடக்கும் வயலில் முழங்கால் சேற்றில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். "சேத்துல கால் வெச்ச பையன்" என்று அதைப் பார்த்துத்தான் அவர் சரி சொன்னார். நான் செங்கல்பட்டில் ஒரு பைக் ஷோரூமில் கணக்குப் பார்ப்பவன் என்பதும் ஜாதகத்தில் இருந்தது. அது அவர் கண்ணில் பட்ட மாதிரி தெரியவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

பத்திரிகை அடிக்கக் கொடுக்க வேண்டிய வாரத்தில் அவர் போன் செய்தார். குடலிறக்க ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கிறாராம். மாடி ஏறக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, இருமுவதென்றால்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு இரும வேண்டும்.

"வேர் ரொம்ப வளந்துடுச்சி மாப்ள. பைப்புல தண்ணி போவ மாட்டேங்குது. பெரிய பக்கெட்டுக்கு மாத்தணும். ஆள் வெச்சிப் பண்ணலாம், ஆனா கை தெரிஞ்சவங்க பண்ணாத்தான் எனக்கு நிம்மதி. பூ வெச்சிருக்கு. மறுவீட்டு விருந்துல நம்ம தக்காளி ரசம்தான், எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"பாத்துக்கலாம் மாமா" என்றேன்.

கல்யாணத்துக்கு முன்னால் பெண் வீட்டுக்குத் தனியாகப் போவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவும் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டாள். மடியில் ஒரு பை அவித்த மல்லாட்டை (வேர்க்கடலைதான், செய்யூர்ப் பக்கம் அப்படித்தான் சொல்வோம்). அம்மா நடவுக்குப் போகிறவள். எங்கள் தெருவில் அவள் வேகத்துக்கு நடுகிறவர்கள் குறைவு. எனக்கு எதுவும் தெரியாவிட்டாலும் அம்மா இருக்கிறாளே என்று வழி நெடுகத் தைரியமாக இருந்தேன். நெல்லுக்கும் குழாய்த் தக்காளிக்கும் இருக்கும் வித்தியாசம் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

மாமா கீழே கட்டிலில் படுத்திருந்தார். ஏற்பாடு என்னவென்றால், நித்யா மாடியில் போனைப் பிடித்துக்கொண்டு வீடியோவில் காட்டுவாள், அவர் படுத்தபடியே சொல்லச் சொல்ல நான் செய்வேன்.

"மொதல்ல மோட்டாரை நிறுத்துங்க மாப்ள."

நிறுத்தினேன். அன்றைக்கு நான் சந்தேகமில்லாமல் சரியாகச் செய்தது அது ஒன்றுதான்.

"இப்ப ஒரு செடிய கப்போட தூக்கணும். வேர்ல கை படக் கூடாது. கப்போட அப்படியே பக்கெட்ல எறக்கி, சுத்தி சுட்ட களிமண் உருண்டையப் போட்டு, பைப்புல இருந்த தண்ணியையே ஊத்தணும். அவ்ளோதான்."

பழைய பெயிண்ட் பக்கெட்டுகள் கழுவிக் காயவைத்துத் தயாராக நின்றன. முதல் செடியைத் தூக்கினேன். கூடவே அடுத்த செடி வந்தது. அதன் பின்னால் அதற்கடுத்தது. வேர்கள் கப்பை விட்டு வெளியே வந்து, பைப்பு முழுக்க ஓடி, ஒன்றோடொன்று பாய் மாதிரி பின்னிக் கிடந்தன. முதல் செடியை மட்டும் எப்படியோ பிரித்து, அவர் சொன்னபடி பக்கெட்டில் இறக்கினேன். மீதியில் ஒன்றை இழுத்தால் வரிசை முழுவதும் எழுந்து நின்றது.

அம்மா எட்டிப் பார்த்தாள். "இன்னாடா இது, சவுரி முடியாட்டம் கீது? நவுரு. நீ இப்டித் தடவிகினு இருந்தா பொழுது போயிடும். நாத்துல வேரு பின்னிக்காதா? புடுங்கி ஒதறினா தானா பிரியுது."

அம்மா புடவையைச் செருகிக்கொண்டாள். ஒரு கைப்பிடி செடியைச் சேர்த்துப் பிடித்தாள். ஒரே இழுப்பு. பிறகு, நாற்றில் ஒட்டிய சேறு போவதற்குக் காலில் அடிப்பார்கள் இல்லையா, அந்தப் பழக்கத்தில் தக்காளி வேரைத் தன் கெண்டைக்காலில் நாலு அடி அடித்தாள். அதில் சேறு எங்கே இருந்தது? வேர்தான் பிய்ந்து பறந்தது. கொஞ்சம் பச்சை வலையில் போய் ஒட்டிக்கொண்டது. கப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஓரமாக எறிந்தாள்.

நித்யா போனைக் கடல் பக்கம் திருப்பிவிட்டாள்.

"நித்யா, ஏம்மா சமுத்திரத்தக் காட்டிகினு இருக்க? செடியக் காட்டு."

"வெளிச்சம் அடிக்குதுப்பா" என்றாள். பிறகு மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம், "ஏங்க, இப்படித்தான் பண்ணுவாங்களா?" என்று கேட்டாள்.

அந்த நேரத்தில் 'எனக்குத் தெரியாது' என்று சொல்லியிருந்தால் பாதி வரிசையாவது தப்பித்திருக்கும். நான் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, ஏதோ நாற்பது ஏக்கர் நட்டுவிட்டு வந்தவன் போல, "இது செய்யூர் முறை" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அந்தப் பார்வையை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன் (அவள் எனக்காகப் பயந்தாளாம், பிற்பாடு சொன்னாள்).

"வேரு நீளமா கீது. நுனிய மட்டும் லேசா கிள்ளு, புதுசா வுடும்" என்றாள் அம்மா.

கணக்குப் பார்க்கிறவனிடம் 'லேசா' என்று சொல்லக் கூடாது. எங்களுக்கு எல்லாம் ஒரே வரிசையில் முடிய வேண்டும். கீழே போய்க் காய் நறுக்கும் கத்தியை வாங்கி வந்தேன். தரையில் செடிகளை நீட்டிப் படுக்க வைத்து, விரலை அளவாக வைத்து, ஒரு விரல் நீளத்துக்கு மேல் இருந்த வேரையெல்லாம் அறுத்தேன். வேலை சுத்தமாக இருந்தது. ரசித்து ரசித்து வேறு செய்தேன். அம்மா திரும்பிப் பார்த்தவள் பதறிவிட்டாள்.

"டேய் பாபு, போதும்டா! நுனியன்னு சொன்னா இன்னாடா இப்டி மொட்ட அடிச்சி வெச்சிக்கீற?"

அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. செடிகளைப் பக்கெட்டுகளில் நட்டோம். நிற்க வேர் இல்லாததால் களிமண் உருண்டைகளுக்குள் சாய்ந்து சாய்ந்து விழுந்தன. நிமிர்த்தி நிமிர்த்தி வைத்தோம். அறுத்த வேர் ஒரு குவியலாகக் கிடந்தது, அதை ஒளிக்க எனக்கு நேரமில்லை. கீழே கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார்கள். வாழை இலையில் வஞ்சிரம் வறுவல் இருந்தும் எனக்கு இறங்கவில்லை. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

சாப்பிட்டு மாடிக்குப் போனபோது எல்லாச் செடியும் தலையைத் தொங்கப் போட்டிருந்தது. பூக்கள் உருண்டைகள் மேல் உதிர்ந்து கிடந்தன. கீழிருந்து மாமா, "காட்டும்மா, எப்படி நிக்குது பாப்போம்" என்றார். "சார்ஜ் இல்லப்பா" என்றாள் நித்யா. பிறகு படிக்கட்டில் காலடி கேட்டது. ஒரு படி, ஒரு முனகல், அடுத்த படி. "ஏறாதீங்க, டாக்டர் இன்னா சொன்னாரு?" என்று நித்யாவின் அம்மா கத்திக்கொண்டே பின்னால் வந்தார்.

மாமா வந்து நின்றார். வயிற்றைப் பிடித்தபடி ஒவ்வொரு பக்கெட்டாகப் பார்த்தார். வேர்க் குவியலைப் பார்த்தார். காலியாகக் கிடந்த ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை. அவர் முகம் அப்படியே சின்னதாகிவிட்டது. அந்தச் செடிகளை அவர் விதையிலிருந்து வளர்த்திருந்தார்.

"பத்திரிகைய கொஞ்சம் நிறுத்தி வைக்கலாம்" என்றார். "யோசிக்கணும்."

கீழே திருப்பிக் கொடுக்கலாம் என்று மாடியிலிருந்து எடுத்த கத்தி என் கையில் இருந்தது. அதை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை.

முதலில் பேசியது நித்யாதான். "அப்பா, நீங்க எனக்கு மாப்ள பாத்தீங்களா, தக்காளிக்கு மாப்ள பாத்தீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். "உண்மைய சொல்லுங்க மாப்ள. வயல்ல எறங்கி எப்பவாச்சும் நட்டிருக்கீங்களா?"

"இல்ல மாமா."

"அப்ப அந்த போட்டோ?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா ஆரம்பித்துவிட்டாள்.

"அது தை மாசம் நடவு அப்போ எடுத்தது சம்மந்தி. இவன் வரப்புல நின்னு போன் பாத்துகினு இருந்தான். சேத்துல எறங்குடா, போட்டோ சூப்பரா வரும்னு இவன் சேக்காளி ஒருத்தன் சொன்னான். செருப்போட எறங்கிட்டான். போட்டோ எடுத்தாச்சு, கால எடுக்க வரல. அம்மா அம்மான்னு ஒரே கத்து. நானும் இவங்க அப்பாவும் ஆளுக்கு ஒரு கை புடிச்சி புடுங்கினோம். காலு வந்துச்சி, செருப்பு வரல. அந்த செருப்பு இன்னும் அங்கதான் கீது. இவன் வெவசாயம் பண்ணுவான்னு நாங்க எப்ப சொன்னோம்? நீங்களே சொல்லிகினு இருந்தீங்க. நல்ல மனுசன், சந்தோசமா சொல்றாரேன்னு வுட்டுட்டோம்."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு வர வர வலி, வலி வர வர "அய்யோ", அதற்கு மேல் மறுபடி சிரிப்பு. "போதும் சம்மந்தியம்மா... தையல் பிரிஞ்சிடும்... அவரையும் நாத்து மாதிரி புடுங்கினீங்களா... அய்யோ" என்று ஒரு கையால் வயிற்றையும் ஒரு கையால் என் முழங்கையையும் பிடித்துக்கொண்டார். நானும் நித்யாவும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி அவரைக் கீழே இறக்கினோம். நித்யாவின் தோளுக்கு அவ்வளவு பக்கத்தில் நான் நடந்தது அன்றுதான் முதல் தடவை.

பத்திரிகை அடித்தார்கள். மறுவீட்டு விருந்துக்குத் தக்காளி கடையில்தான் வாங்கினார்கள். எல்லாச் செடியும் போய் ஒன்றே ஒன்று பிழைத்துக் காய்த்தது. நான் முதலில் பிரித்து, அவர் சொன்னபடி வைத்த செடி அதுதான் என்பது மாமாவின் கட்சி. தான் நட்டது என்பது அம்மாவின் கட்சி. சம்பந்திகள் சந்தித்தால் இன்றைக்கும் முதல் பேச்சு இதுதான்.

என் விஷயத்தில் மட்டும் இருவரும் ஒரே கட்சி. எங்கள் வீட்டிலோ புதுப்பட்டினத்திலோ, கீரைக்கட்டு, கொத்தமல்லி, வெங்காயத்தாள் என்று வேரோடு எது வந்தாலும் நேராக என் முன்னால் வைத்துவிடுவார்கள். வேரை நறுக்கி முடிக்கும்வரை வேறு யாரும் தொடக் கூடாது. போன மாதம் மாமா மாடியில் புதிதாகக் கத்தரி போட்டிருந்தார். பார்க்கலாம் என்று நானும் படியேறினேன். பாதிப் படியில் நிறுத்தி, ஒரு கட்டு முளைக்கீரையையும் கத்தியையும் என் கையில் கொடுத்துவிட்டு அவர் மட்டும் மேலே போனார். மாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் தாழ் விழும் சத்தம் கேட்டது. நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்து கீரைக்கு வேர் நறுக்கினேன்.