கட்டெறும்பின் கோப்பு காணாமல் போன வரலாறு

குழந்தையின் கோப்பு தொலைந்துவிட்டது. பச்சை அட்டை போட்ட கோப்பு. மழலையர் புலனறிவு, அசைவு மற்றும் கற்றல் வளர்ச்சி மதிப்பீட்டு அலுவலகத்தில், மதிப்பீட்டு அலுவலரின் மேசையிலேயே தொலைந்தது. இருந்த இடத்தைவிட்டு ஒரு அங்குலம்கூட நகராமல் தொலைந்தது.

ஒரு கோப்பு தொலைந்தால் குடியா முழுகிவிடும் என்று கேட்கலாம். முழுகும். குழந்தையைக் காப்பகத்தில் சேர்க்க வளர்ச்சிச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் இல்லாத குழந்தை வளரவில்லை. வளர்வது போலத் தெரிந்தால் அது பார்ப்பவர் கண்ணின் கோளாறு.

குழந்தையின் அப்பா லிஃப்ட் மெக்கானிக். அம்மா தையல் பட்டறையில் கட்டிங் மாஸ்டர். நீட்டி வாங்கிய பிள்ளைப்பேறு விடுப்பு ஞாயிறோடு முடிகிறது. திங்கள் காலை எட்டு மணிக்குத் துணி வெட்டும் மேசை முன்னால் நிற்காவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் என்று முதலாளி சொல்லிவிட்டார். குழந்தைக்குப் பத்து மாதம். எதைப் பார்த்தாலும் நேரே போய்க் கடிக்கும். அதனால் கட்டெறும்பு.

சோதனை என்னவோ குறையில்லாமல்தான் நடந்தது. கிலுகிலுப்பையை ஆட்டினார்கள், திரும்பியது. நிற்குமா என்று பார்த்தார்கள், அலுவலரின் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றது. கடைசியில் அலுவலர் ஒரு சிவப்புப் பந்தைக் காட்டி, அதன்மேல் துணியைப் போட்டு மூடினார். கட்டெறும்பு துணியை இழுத்து எறிந்துவிட்டுப் பந்தைக் கடித்தது.

அலுவலர் மனம் குளிர்ந்துபோனார். "ஆறு மாசக் குழந்தைக்குக் கண்ணுக்குத் தெரியலைன்னா அந்தப் பொருளே கிடையாது சார். எட்டு, ஒன்பது மாசம் ஆனாத்தான், மூடி வெச்சாலும் அது அங்கேதான் இருக்குன்னு புரியும். மனுஷ அறிவுக்கே அஸ்திவாரம் இது."

சொல்லிவிட்டுக் கோப்பில் 'தேர்ச்சி' என்று எழுதினார். கையெழுத்தை மறுநாள் போடுவதாகச் சொல்லி மேசையில் வைத்தார். மதியம் ஆயிற்று. கோப்புகளின் மேல் ஒரு துண்டை விரித்தார். துண்டின் மேல் சாப்பாட்டு டப்பாவை வைத்தார்.

மறுநாள் கோப்பு இல்லை.

தேடும் பொறுப்பு எழுத்தருக்கு. அவர் பீரோவைத் திறந்து மூன்றாவது தட்டைப் பார்த்தார். காணோம் என்றார். அடுத்த தடவை மெக்கானிக் போனபோதும் மூன்றாவது தட்டு. அதற்கடுத்த தடவையும் அதே. வேறு தட்டு பார்க்கலாமே என்றதற்கு, இதுவரை எல்லாக் கோப்பும் அந்தத் தட்டில்தான் கிடைத்திருக்கிறது என்று விளக்கம் வந்தது. மெக்கானிக்குக் கோபம் வரவில்லை. நின்றுபோன லிஃப்டில் ஒரே பொத்தானை நாற்பது தடவை அழுத்துகிறவர்களை அவர் தினம் பார்க்கிறார்.

எழுத்தரின் தலைக்கு மேல் ஒரு விளக்கப்படம் தொங்கியது. 'பத்து மாதத்துக்குட்பட்ட குழந்தை, பொருளை வேறிடத்தில் ஒளிப்பதைக் கண்ணால் பார்த்த பிறகும், முன்பு கிடைத்த இடத்திலேயே தேடும். வளர வளர இது மாறும்.' அதற்கு ஆணி அடித்தது எழுத்தர்தான்.

இரண்டாவது தடவை போனபோதே மெக்கானிக் பார்த்துவிட்டார். துண்டுக்கு வெளியே பச்சை முனை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு தாய். அவள் மடியில் இன்னும் தவழாத குழந்தை, அதற்குச் சட்டை, தொப்பி, பால்புட்டி எல்லாம் கறுப்பு வெள்ளைக் கோடு. பார்வை கூர்மையாகுமாம், இப்போது அதுதான் மோஸ்தர். கையில் கால அட்டவணை. ஒன்பது முதல் ஒன்பதரை வரை வியப்பு. மற்ற நேரத்தில் குழந்தை வியந்தால் சேர்த்தி இல்லை.

"அந்தத் துண்டுக்கு அடியில..." என்றார் மெக்கானிக்.

"தெரியும். உங்க பச்சைக்கு அடியில எங்க நீலம். போன மாசத்துல இருந்து இருக்கு."

"சொல்லலாமே."

அவள் கண்ணாலேயே சுவரைக் காட்டினாள். பலகை. 'மேசையில் உள்ள எதையும் பொதுமக்கள் தொடவோ, சுட்டிக்காட்டவோ கூடாது.' அதை ஒட்டியே விளக்கப்படத்தின் அடுத்த வரி. 'சுட்டிக்காட்டுதல்: பத்து முதல் பன்னிரண்டு மாதத்தில் எதிர்பார்க்கப்படும் திறன்.'

மெக்கானிக் இரண்டையும் படித்தார். பெரியவர் ஆயிற்றே, கையைக் கட்டிக்கொண்டார்.

ஆறாவது தடவை வெள்ளிக்கிழமை. மனைவியும் குழந்தையோடு வந்தாள். எழுத்தர் மூன்றாவது தட்டைப் பார்த்துவிட்டுக் காணோம் என்றார். குழந்தை இதோ இருக்கிறது, இன்னொரு தடவை சோதித்துவிடுங்கள் என்றாள்.

"கோப்பு இல்லாத குழந்தையை எப்படிம்மா சோதிக்கிறது?" என்றார் அலுவலர். "புதுசா திறக்கணும்னா பழசு தொலைஞ்சதுன்னு சான்று வேணும்."

"அதைக் குடுங்க."

"அதுல கோப்பு எண் எழுதணுமே."

"எண் எங்கே இருக்கு?"

"கோப்பு மேலதான்."

அவள் அலுவலரைக் கண்ணால் அளந்தாள். துணியை மூன்று தடவை அளந்துவிட்டு ஒரு தடவை வெட்டுகிறவள்.

"பட்டறையில பதினோரு வருஷமா நான் நிக்கிற மேசை சார். திங்கட்கிழமை போயிடும்."

அலுவலர் உண்மையாகவே வருத்தப்பட்டார். அடுத்த மாதம் வந்து பார்க்கச் சொன்னார்.

அவள் முதலாளிக்குப் போன் போடலாம் என்று குழந்தையைக் கீழே விட்டுவிட்டுப் பையைத் துழாவினாள். கட்டெறும்பு தவழ்ந்தது. மேசைக்காலைப் பிடித்து எழுந்தது. தலைக்கு மேல் பலகை இருந்தது. அதற்குப் படிக்கத் தெரியாது. பச்சை முனையைப் பார்த்தது, துண்டைப் பிடித்து இழுத்தது.

டப்பா சரிந்து, உள்ளே இருந்ததெல்லாம் அலுவலரின் மடியில் கொட்டியது. கோப்பு வெளியே வந்தது. கட்டெறும்பு அதன் முனையைக் கடித்தது.

எழுத்தர் பழக்கதோஷத்தில் மூன்றாவது தட்டை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டார்.

அலுவலர் மடியைத் துடைத்தார். கோப்பைத் திறந்து பார்த்தார். வேறு வழியில்லை, கையெழுத்துப் போட்டுச் சான்றிதழைக் கொடுத்தார். ஆனால் கிடைத்த கோப்பைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். மீட்டவர் பெயர், பதவி, கல்வித் தகுதி. எழுத்தரின் பெயரையே போட்டுக்கொள்ளச் சொன்னார்.

"மூணாவது தட்டுல தேடினேன், இல்லைன்னு ஆறு தடவை எழுதிட்டேன் சார்," என்றார் எழுத்தர். அவரும் நேர்மையானவர்.

மனைவி புருஷன் பக்கம் திரும்பினாள். "அது அங்கே இருக்குன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"ம்."

"இருபதாவது மாடியில கயித்துல தொங்குறீங்க. ஒரு துண்டைத் தூக்க முடியலையா?"

"தொடக்கூடாதுன்னு போட்டிருக்கு."

அவள் சான்றிதழை மடித்துப் பையில் வைத்தாள்.

அதற்குள் அலுவலர் டப்பாவைத் துடைத்து, மிச்சக் கோப்புகளின் மேல் துண்டைப் பழையபடி விரித்து, டப்பாவை அதன்மேல் வைத்துவிட்டார். நீல முனை நன்றாகத் தெரிந்தது. வரிசையில் இருந்த பதினோரு பேரும் பார்த்தார்கள். எழுத்தர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். கோடுபோட்ட குழந்தையின் தாய் எழுந்தாள். எழுத்தர் பீரோவைத் திறந்தார். காணோம் என்றார்.

அவள் மேசைக்குப் போகவில்லை. மெக்கானிக்கிடம் வந்தாள்.

"கொஞ்சம் குடுங்களேன், இப்பத் தந்துடறேன்," என்று கை நீட்டினாள்.

மெக்கானிக் குழந்தையைக் கொடுத்தார்.

அவள் அதை மேசையோரம் இறக்கிவிட்டு மின்விசிறியைப் பார்த்தாள். அலுவலர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவரே பொதுமக்கள் என்று இருந்தது. அவர் டப்பாவைத் தூக்கி மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டார். துண்டு வந்தது, நீலக் கோப்பு வந்தது. அவர் துண்டைத் திரும்ப விரித்தார். வரிசையில் அடுத்தவர் கை நீட்டினார்.

மதியத்துக்குள் பதினோரு பேருக்கும் வேலை முடிந்தது. படித்தவர்கள், குடும்பஸ்தர்கள், இரண்டு பேர் வாத்தியார்கள். ஒவ்வொருவரும் குழந்தையை வாங்கி இறக்கிவிட்டார்கள், மின்விசிறியைப் பார்த்தார்கள், கோப்பு வந்ததும் ஆச்சரியப்பட்டார்கள்.

அந்தப் பதிவேடு இன்னும் பீரோவின் மூன்றாவது தட்டில் இருக்கிறது. அன்றைய தேதியில் பன்னிரண்டு வரிகள். பதவி, இல்லை. கல்வித் தகுதி, இல்லை. மீட்டவர், பன்னிரண்டிலும் ஒரே பெயர். கட்டெறும்பு.