மைனஸில் நின்ற சைனாக்காரர்

உத்திரமேரூர் தாலுக்காவுக்கே ஒரே ஒரு சைனாக்காரர்தான் இருந்தார். அவர் காவாந்தண்டலத்தில் பிறந்தவர். ஆறடி உயரம், முறுக்கு மீசை. சைனா எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துவிட்டு வாலாஜாபாத் பக்கம் கையைக் காட்டுவார். ஆனாலும் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ‘சைனா வீடு’ என்றால் போதும், பூக்காரம்மாவிலிருந்து டைம் கீப்பர் வரைக்கும் வழி சொல்வார்கள். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தவர்கள் யாரும் அவர் வீடு போய்ச் சேர்ந்ததில்லை.

அவருடைய தொழில் கோல்ஃப். நெல்லும் கரும்பும் விளைகிற ஊரில் இதைச் சொல்லிப் புரியவைக்க அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ரேஷன் கார்டுக்கு விவரம் கேட்க வந்தவர் காதில் எப்படி விழுந்ததோ, தொழில் என்ற இடத்தில் ‘கோலி’ என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். நாற்பது வயது ஆள் கோலி ஆடிப் பிழைக்கிறார் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்ட பிறகு டீக்கடையில் சும்மா இருப்பார்களா? வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது.

சிறு வயதில் அவர் சென்னையில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் பெரிய மனிதர்களின் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தவர். நடந்து நடந்தே ஆட்டம் வந்துவிட்டது. அப்புறம் ஒரு தகுதிப் போட்டியில் தேறி, பரிசுப் பணத்துக்கு ஆடும் ஆட்டக்காரர் ஆனார். அந்தச் சமயத்தில் பேப்பரில் ஒரு சைனாக்காரரைப் பற்றிப் படித்தார். அந்த நாட்டில் இதையே பிழைப்பாக எடுத்துக்கொண்டு வெளிநாடு வரை போய் ஆடிய முதல் ஆள்களில் ஒருவராம். அன்றிலிருந்து நாற்று, உரம், எலெக்ஷன் என்று எதைப் பற்றிப் பேசினாலும் அந்த ஆளிடம்தான் கொண்டுவந்து முடிப்பார்.

“அவன் பொறந்தப்போ அங்க கோல்ஃபுக்குன்னு ஒரு கிரவுண்டு கெடையாது நைனா. சொல்லிக்குடுக்கவும் ஆள் இல்ல. அவனே பாத்துப் பாத்துக் கத்துக்கினான். எனக்கு ஏரியாவது கீது.”

இப்படிச் சொல்லிச் சொல்லியே இவரும் சைனா ஆனார். வாழ்க்கையில் அவருக்கு இருந்தது ஒரே ஆசை. அந்தச் சைனாக்காரரோடு ஒரே மைதானத்தில் ஒரு நாளாவது ஆடிவிட வேண்டும்.

சித்திரை பிறந்து ஏரி வற்றிவிட்டால் அதுதான் அவர் பழகுகிற இடம். வேலிக்காத்தான் செடிகளுக்கு நடுவே குழி வெட்டி, குச்சியில் சிவப்புத் துணி கட்டி நட்டுவிட்டு அடிக்க ஆரம்பிப்பார். பந்து ஆள் இருக்கும் பக்கம் பறந்தால் ‘ஃபோர்’ என்று கத்தி எச்சரிக்க வேண்டும் என்பது அந்த ஆட்டத்தின் மரியாதை. எங்கள் பக்கத்தில் போர் என்றால் தண்ணீருக்குப் போடுகிற போர்தான். குடிக்கத் தண்ணீர் இல்லாத ஒரு கோடையில், வற்றிய ஏரிக்குள் ஒரு மனிதர் ‘போர், போர்’ என்று கத்தினால் என்ன ஆகும்? ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் ஓடி வந்து எத்தனை அடி என்று கேட்டிருக்கிறார். சைனா அப்போதுதான் பந்தைக் குழியில் போட்டிருந்தார். தன் ஆட்டத்தைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, மூணே அடி என்று பெருமையாகச் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் பாதி ஊர் கடப்பாறை மண்வெட்டியோடு ஏரியில் இறங்கிவிட்டது. சாயங்காலத்துக்குள் அவர் வெட்டிய ஒரு குழியைச் சுற்றி ஊர் வெட்டிய குழிகள். எதில் பந்தைப் போடுவது என்று தெரியாமல் அந்தக் கோடை முழுக்க மனிதர் தவித்தார்.

நான் அப்போது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தேன். சைனா பெங்களூர், கல்கத்தா என்று போட்டிக்குப் போனால், ஆட்டம் முடிந்து சாயங்காலம் என் பூத்துக்குத்தான் போன் பண்ணுவார். அவருடைய மனைவி கன்னியம்மா அக்கா காவாந்தண்டலத்திலிருந்து பஸ் ஏறி வந்து காத்திருப்பார். பிள்ளைகள் இல்லை. இருக்கிற கொஞ்ச நிலத்தையும் மாட்டையும் அக்காதான் பார்த்துக்கொண்டார். ரிசீவரைக் கையில் வாங்கினால் அழுகை வந்துவிடும் என்று வாங்க மாட்டார். நான் கேட்டுச் சொல்ல வேண்டும்.

முதல் தடவை போனில் ‘மைனஸ் மூணு’ என்றார். நான் அப்படியே சொன்னேன். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. நானும் வருத்தப்பட்டு ஒரு சோடா வாங்கிக் கொடுத்தேன். அடுத்த ஊரிலிருந்து ‘ப்ளஸ் ஆறு’ என்றார். பூத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் அக்கா ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார். ஊர் திரும்பிய சைனா விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். இத்தனை அடியில் பந்து குழிக்குப் போக வேண்டும் என்று கணக்கு இருக்கிறதாம். அதற்குக் குறைந்தால் மைனஸ், கூடினால் ப்ளஸ். மைனஸ்காரன்தான் ஜெயிக்கிறவன். இதைக் கேட்டு அக்கா என் பக்கம் திரும்பினார்.

“அடி கொறைய கொறைய நல்லதா? அப்ப நல்ல ஆட்டம்தான் தம்பி. எங்க அப்பனுக்கு இத யாருமே சொல்லிக்குடுக்கல.”

அதற்குப் பிறகு தாலுக்காவில் கோல்ஃப் சட்டம் தெரிந்த இரண்டாவது ஆள் அக்காதான். போட்டி நாலு நாள். இரண்டாம் நாள் முடிந்ததும் ரொம்பப் பின்தங்கியவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதைத் தாண்டிவிட்டால் எத்தனை மோசமாக ஆடினாலும் நாலு நாளும் ஆடலாம். இதெல்லாம் எனக்கு அக்கா சொல்லித்தான் தெரியும்.

போகப் போக ஒன்றைக் கவனித்தேன். மைனஸ் என்று சொன்னால் அக்கா ‘சரி தம்பி’ என்று டீகூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிடுவார். ப்ளஸ் என்று சொன்னால் முகத்தில் ஒரு களை வந்துவிடும். எதிர்க்கடையில் நெத்திலிக் கருவாடு வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டு போவார். ப்ளஸ் என்றால் மனிதர் சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடுவார் அல்லவா? ஒரு நாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன்.

“ஜெயிக்கட்டும் தம்பி. நான் வேணாங்கல. வூடுதான் காலியா கீது.”

புது நூற்றாண்டு பிறந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். பெங்களூரில் ஒரு போட்டி வந்தது. அதில் முதல் சில இடங்களுக்குள் வருகிறவர்களைச் சைனாவில் நடக்கிற ஒரு போட்டிக்கு அனுப்புவார்களாம். அந்தப் போட்டியில் அந்தச் சைனாக்காரரும் ஆடுகிறாராம். செய்தி வந்த நாளிலிருந்து எங்கள் சைனாவுக்குக் கால் தரையில் இல்லை. ‘சைனா சைனாவுக்குப் போவுதாம்’ என்று டீக்கடையில் சிரித்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, யூரியா மூட்டையில் தைத்த பையில் கம்புகளைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

முதல் நாள் மைனஸ். இரண்டாம் நாளும் மைனஸ். சொன்னதும் அக்கா எதிர்க்கடைப் பக்கமே திரும்பவில்லை. ஆனால் இந்தத் தடவை முகம் வாடவும் இல்லை. அவர் சைனா போய் வந்தால்தான் இந்தப் பைத்தியம் தெளியும் என்றார்.

மூன்றாம் நாள் மத்தியானம் பூத் வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. பின்சீட்டில் அக்கா படுத்திருந்தார், தலை நாத்தனார் மடியில் இருந்தது. ரொம்ப நாளாகவே வயிற்றில் கட்டி இருந்திருக்கிறது. யாரிடமும் மூச்சு விடவில்லை. அன்று காலையில் கழனியில் விழுந்துவிட்டார். செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். வழியில் வண்டியை நிறுத்தச் சொன்னது அக்காதான்.

“அவரு போன் பண்ணா, பஸ்ஸு கெடைக்கல, அதான் வரலன்னு சொல்லிடு தம்பி. மைனஸ்ல கீறாரு. இன்னும் ஒரு நாளுதான்.”

சாயங்காலம் போன் வந்தது. முதல் இடத்தில் நிற்கிறேன் என்று கத்தினார். அவளிடம் சொல்லு என்றார். அக்காவுக்கு பஸ் கிடைக்கவில்லை என்றேன்.

“பஸ் ஸ்ட்ரைக் அன்னிக்கே நடந்து வந்தவ நைனா அவ. இன்னா ஆச்சு, சொல்லு.”

சொல்லிவிட்டேன். அதற்கு மேல் மறைக்க எனக்குத் தெம்பில்லை.

மறுநாள் காலையில் பூத்தைத் திறக்காமல் செங்கல்பட்டுக்குப் போனேன். எனக்கு முன்னாலேயே அவர் வார்டு வாசலில் நின்றிருந்தார். தோளில் மூட்டைப் பை, காலில் முள் வைத்த கோல்ஃப் ஷூ. அதைக்கூடக் கழற்றாமல் பஸ் ஏறியிருக்கிறார். டக் டக்கென்று உள்ளே போகப் பார்த்தவரை நர்ஸம்மா பிடித்துக்கொண்டு, இது ஆஸ்பத்திரியா குதிரை லாயமா என்று கேட்டார். அவர் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு கட்டில் பக்கம் போனார். அக்கா கண் திறந்து பார்த்தார்.

“இன்னாய்யா, இன்னிக்கும் ஆட்டம் கீதே?”

“ப்ளஸ் ஆயிட்ச்சி கன்னிமா. அனுப்பிட்டாங்க.”

அக்கா சிரித்தார். அத்தனை வலியிலும் அவர் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அந்த நேரத்தில் பெங்களூரில் அவர் பெயரைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விட்டிருப்பார்கள். அவரோ, ஏன் என்னிடம் மறைத்தாய் என்று திரும்பத் திரும்ப அதையே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மருந்து வாங்க வெளியே போனார். அவர் தலை மறைந்ததும் அக்கா என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

“ரெண்டாம் நாளு தாண்டிட்டா யாரையும் அனுப்ப மாட்டாங்க. எனக்குத் தெரியாதா தம்பி? நான் நம்பிட்டேன்னே இருக்கட்டும். அவருக்குத் தெரிய வேணாம்.”

டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். அந்த வாரமே அக்கா போய்விட்டார். அக்கா இருந்தவரைக்கும் சைனா அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை.

ஊருக்கு என்ன தெரியும்? சைனா இந்தத் தடவையும் ப்ளஸ் என்று பேசிக்கொண்டார்கள். ஒரு நாள் டீக்கடையில் பொறுக்க முடியாமல் நான் வாயைத் திறந்தேன். அவர் என் முழங்கையைப் பிடித்து அமுக்கிவிட்டார். சைனாவில் அந்தப் போட்டி நடந்தபோது பேப்பரில் அந்தச் சைனாக்காரரின் படம் வந்திருந்தது. என் பூத்தில் உட்கார்ந்து முழுக்கப் படித்துவிட்டு, “நல்லா ஆடிக்கீறான் நைனா” என்று மடித்துக் கொடுத்தார். அதன் பிறகும் கோடையில் ஏரியில் அடிப்பார். போட்டிக்கு மட்டும் போகவில்லை. போனால் சாயங்காலம் யாருக்குப் போன் பண்ணுவது என்றார்.

ரொம்ப நாள் கழித்து ஒரு தடவை, வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார்.

“அவ நம்பிட்டா இல்ல நைனா?”

“நம்பிட்டாங்கண்ணா.”

தலையை ஆட்டிக்கொண்டார். அதற்கப்புறம் வருஷத்துக்கு ஒரு முறையாவது அதையே கேட்பார். நானும் அதையே சொல்வேன். போன மாசியில் அவரும் போய்விட்டார், அதனால்தான் இதை எழுத முடிகிறது. பூத் நடத்திய காலத்தில் எத்தனையோ பேருக்காக எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். எல்லாம் மறந்துபோயிற்று. இந்த ஒன்றை மட்டும், மனிதர் இன்னொரு தடவை வந்து கேட்க மாட்டாரா என்று இருக்கிறது.