மலை முந்தி

பழனி வாட்ஸ்அப் குழுவில் கடைசியாகப் போட்டது ஒரு ரோஜாப்பூப் படம். அதன்மேல் ‘இனிய காலை வணக்கம்’ என்று எழுதியிருந்தது. பதிலுக்கு மற்றவர்கள் ரோஜா அனுப்பிக்கொண்டிருந்தபோது, அவர் ஐயம்பேட்டை நிறுத்தத்தில் தன் ஷேர் ஆட்டோவின் ஹேண்டில்பார்மேல் தலையைச் சாய்த்துவிட்டிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்து, வண்டியில் ஏறி உட்கார்ந்தவர்கள் கொஞ்ச நேரம் மரியாதையாகக் காத்திருந்தார்களாம். இறந்த செய்தி குழுவுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் நண்பர் ஜெபகுமாரின் ரோஜா போய்ச் சேர்ந்தது. அன்றைக்கு நெட் மெதுவாக இருந்தது.

சர்வதீர்த்தக் குளத்தைச் சுற்றி விடிகாலையில் நடந்துவிட்டு, நடந்ததற்கு மேலாக வடை தின்கிற குழு அது. பழனி அதன் தலைவர். தேர்தல் எதுவும் நடக்கவில்லை. குழுவில் மலை ஏறியவர் அவர் ஒருவர்தான் என்பதால் தானாக அமைந்த பதவி. வருடா வருடம் மழைக்காலத்தில் ஒருநாள் தன்னந்தனியாகச் செஞ்சிக் கோட்டைக்குப் போவார். மதியத்துக்குள் குழுவில் அவர் குரல் வந்துவிடும். மழைச் சத்தம் பாதி வார்த்தையை அடித்துக்கொண்டு போயிருக்கும்.

“மல... முந்தி வந்துட்டேன்பா. டீ குடிச்சிக்கினு கீறேன். இன்னா மழை, இன்னா மழை!”

கூடவே ஒரு படமும் வரும். கண்ணாடி கிளாஸில் டீ, பின்னால் மழை.

மலையில் முந்தி எங்கே வந்தது என்று முதல் வருடமே குழுவில் விவாதம் நடந்தது. பிள்ளையார்பாளையத்தில் தறி போட்டிருக்கும் ஆதிகேசவன் அதைத் தீர்த்து வைத்தார்.

“சேலைக்கு அழகு எங்க கீது? முந்தானையில. ஒடம்பு பூரா நெய்து முடிச்சி, கடைசியிலதான முந்தி? அப்ப மலையோட முந்தின்னா உச்சிதான்பா. இதுல இன்னா சந்தேகம்?”

பட்டு நெய்கிற, பட்டுக்குச் சாயம் போடுகிற, பட்டு விற்கிற ஊரில் இதற்குமேல் என்ன ஆதாரம் வேண்டும்? கண்ணாடி கிளாஸை உடையாமல் உச்சிவரை தூக்கிக்கொண்டு போன மனிதர்மேல் எல்லோருக்கும் மரியாதை கூடியது.

காரியம் முடிந்த அன்று, பழனியின் மனைவி செல்லியம்மாள் குழுவினரைக் கூப்பிட்டுக் கேட்டார்.

“அவரு ஒக்காந்த அந்த முந்திய ஒரு தடவ பாக்கணும்பா. ஒங்கள்ல யாருனா அவரு கூடப் போயிக்கீறீங்களா?”

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஜெபகுமார் மட்டும் வாயைத் திறந்தார். குற்றம் அவருடையது அல்ல, தொழிலுடையது. அவர் ஒரு பட்டுக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிறவர். அந்த வேலையில் ‘இல்லை’ என்ற சொல் கிடையாது. மயில்கழுத்து நிறத்தில் யானைக் கரை கேட்டால், அப்படியொரு சேலை உலகத்திலேயே இல்லாவிட்டாலும், ‘கீதும்மா, ஒக்காருங்க, மாடியில கீது, எடுத்தாறேன்’ என்றுதான் சொல்ல வேண்டும்.

“நான் போயிக்கீறேன் அண்ணி. ரெண்டு தடவ. நானே கூட்டிக்கினு போறேன்.”

வீட்டுக்கு வந்ததும் அவர் மனைவி அன்னம்மாள் கேட்டாள். “செஞ்சிக்கா? நீங்களா? எப்போ?”

“அந்த எடத்துல வேற இன்னா சொல்றது?”

“‘தெரியாது’ன்னு சொல்றது. நாலே எழுத்து.”

ஆனால் ‘கூட்டிக்கினு போறேன்’ என்றதைக் கேட்ட பிறகுதான் செல்லியம்மாள் அன்றைக்கு ஒரு வாய் சோறு தின்றார். அந்த முகத்திடம் திரும்பிப் போய், ‘நான் சொன்னது பொய் அண்ணி’ என்று சொல்வதைவிட மலை ஏறுவது சுலபம் என்று ஜெபகுமார் முடிவு செய்தார். மலையைப் பார்த்திராதவர்கள் இப்படித்தான் முடிவு செய்வார்கள்.

முதலில் நாளைத் தள்ளிப்போட்டுப் பார்த்தார்.

“தை மாசம் போலாம் அண்ணி. வெயில் இதமா இருக்கும்.”

“அவரு மழையிலதானப்பா போவாரு. வெயில்ல போனா அது வேற எடமால்ல இருக்கும்?”

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை குறிக்கப்பட்டது. அன்றைக்கு இருவரும் சர்ச்சுக்குப் பூசைக்கு வர முடியாது என்பதை, தானும் கூடக் கிளம்புகிற அன்னம்மாள் ஆண்டவரிடம் தனியாகச் சொல்லி வைத்தாள்.

மழையில் மலை ஏற யாரும் முன்வரவில்லை. அண்ணியோடு தனியாகப் போனால் வழி தெரியாதது அம்பலமாகிவிடும், கும்பலாகப் போனால் யாராவது ஒருவருக்காவது தெரிந்திருக்கும் என்று ஜெபகுமார் யோசித்தார். கடைக் குரலை எடுத்தார்.

“வேன்ல சீட்டு கொஞ்சந்தான்பா கீது. நேத்தே நாலு பேரு கேட்டாங்க. அப்புறம் என்னிய குத்தம் சொல்லக் கூடாது.”

ஒருவரும் கேட்டிருக்கவில்லை. சாயந்தரத்துக்குள் வேன் நிரம்பிவிட்டது. குளத்தைப் பாதி சுற்றியதும் படியில் உட்கார்ந்துவிடுகிறவர்கள் எல்லாம் முதலில் பெயர் கொடுத்திருந்தார்கள். ஒருவருக்கும் வழி தெரியாது. தெரிந்தவர்தான் கூட வருகிறாரே என்ற தைரியத்தில் வந்தார்கள்.

மழைக்கோட்டு ஒரு பிரச்சினையாக வந்தது. அதற்கும் ஜெபகுமார் வழி கண்டுபிடித்தார். சேலைக் கட்டுகளைச் சுற்றி வருகிற பெரிய பாலிதீன் உறைகளைக் கடையிலிருந்து கேட்டு வாங்கி, தலைக்கும் கைக்கும் ஓட்டை வெட்டி எல்லோருக்கும் மாட்டிவிட்டார். கோட்டை வாசலில் இறங்கி நின்றபோது, கல்யாணத்துக்கு எடுத்த துணி மொத்தமும் பார்சலுக்குத் தயாராக நிற்பதுபோல் இருந்தது. மழை அப்படிப் பெய்தது. பத்தடிக்கு அப்பால் மலையும் தெரியவில்லை, சாலையும் தெரியவில்லை.

நுழைவாயில் காவலர் குடைக்குள்ளிருந்து தலையை நீட்டினார். “மழை ஜாஸ்தியா இருக்கு. வழி தெரிஞ்சவங்க யாராச்சும் கூட இருக்காங்களா?”

எல்லாப் பாலிதீன் கைகளும் ஜெபகுமாரை நோக்கி நீண்டன.

“சார் எந்த மலைக்குப் போறீங்க?”

“எந்த மலையா?”

“இங்க மூணு மலை இருக்கு சார்.”

ஜெபகுமார் அசரவில்லை. மூன்று சேலை விரித்திருக்கும்போது வாடிக்கையாளர் குழம்பினால், விலை அதிகமானதைத்தான் கையில் எடுத்துக் கொடுப்பார்.

“இருக்கறதுலயே ஒசரமானதுக்கு,” என்றார்.

பின்னால் நின்ற அன்னம்மாள் கண்ணை மூடி ஜெபம் செய்தாள்.

குழுவில் ஒரே இளைஞனான விமல்ராஜ் செல்போனை உயர்த்திக் காட்டினான். “அண்ணா, மேப்ல ரூட் போட்டேன். பட் சிக்னல் போயிடுச்சி. லாஸ்ட்டா ‘யூ டர்ன் எடுங்க’ன்னு சொல்லிச்சி.”

“அதுக்காச்சும் அறிவு கீது,” என்றாள் அன்னம்மாள்.

படி ஆரம்பித்தது. கொஞ்ச தூரத்திலேயே இரண்டு பேர் கிளைப்பாதையில் திரும்பி, ஒரு பாழடைந்த குதிரை லாயத்துக்குள் போய் நின்றுகொண்டு, இதுதான் முந்தியா என்று கூவினார்கள். இனி ஒருவரும் தொலையக் கூடாது என்று ஜெபகுமார் வேன்மேல் சாமான் கட்டுகிற கயிற்றை எடுத்து வந்து எல்லோரையும் இடுப்பில் ஒரே வரிசையாகப் பிணைத்தார். நல்ல யோசனைதான். ஆதிகேசவன் பாசியில் கால் வைக்கும்வரை.

அவர் வழுக்கி உட்கார்ந்ததும் அடுத்தவர் உட்கார்ந்தார். அவருக்கு அடுத்தவரும் உட்கார்ந்தார். கடைசியில் விமல்ராஜும் உட்கார்ந்தான். பாலிதீன் காற்றில் ஊதிக்கொண்டது. மொத்த வரிசையும் நான்கு படி வழுக்கி வந்து, வரிசைக்குக் கீழே நின்ற ஜெபகுமாரின் வயிற்றில் முட்டி நின்றது.

“அவுருய்யா இத!” என்று கத்தினார் ஆதிகேசவன். “தறியில பாவு நூல புணைக்கிற மாதிரி மனுசனப் புணைக்கிறியே!”

கயிற்றை அவிழ்க்க எல்லோரும் பைகளைக் கீழே வைத்தார்கள். குரங்குகள் அதற்காகத்தான் காத்திருந்தன போலும். ஆதிகேசவன் வீட்டிலிருந்து மிளகும் சுக்கும் போட்டுச் செய்துகொண்டு வந்த காஞ்சிபுரம் இட்லி முதலில் போனது. ஒரு குரங்கு கடித்துப் பார்த்துவிட்டு, சுக்குக் காரத்தில் முகத்தைச் சுளித்து, அவர் பக்கமே திருப்பி வீசியது.

“உங்க வூட்டு இட்லிய அதுவும் திங்கல பாரேன்,” என்று யாரோ சொன்னார்கள். அதற்குப் பிறகு ஆதிகேசவன் யாரிடமும் பேசவில்லை. ஓரளவுக்கு அது நல்லதாகவே போயிற்று.

இத்தனையிலும் செல்லியம்மாள் மட்டும் கயிற்றுக்குச் சிக்காமல், செருப்பைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, வரப்பில் நடப்பதுபோல நிதானமாக முன்னால் ஏறிக்கொண்டிருந்தார். வழி காட்ட வந்தவர் கடைசி ஆளாக மூச்சு வாங்கிக்கொண்டு அவரைப் பின்தொடர்ந்தார்.

“ஜெபா, இப்டித்தானே?” என்று மேலிருந்து கேட்பார்.

“அப்டியேதான் அண்ணி, நேரா!” என்று கீழிருந்து பதில் போகும். வேறு வழியும் அங்கே இல்லை.

அன்னம்மாள் கணவன் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் கேட்டாள். “மேல டீ யாரு போடுவா?”

“அண்ணன் ஃபிளாஸ்க்ல எடுத்துக்கினு வருவாரு.”

“அப்ப ரெண்டு தடவையும் உங்களுக்கும் ஊத்திக் குடுத்திருப்பாரே? சக்கரை சரியா இருந்துச்சா?”

ஜெபகுமார் திடீரென்று இரண்டிரண்டு படியாக ஏற ஆரம்பித்தார்.

உச்சிக்கு இன்னும் எவ்வளவோ இருக்கும்போது ஒரு இரும்புக் கதவு வந்தது. மழைக்காக அதைப் பூட்டியிருந்தார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் பாறையும் மேகமும். குழு அப்படியே நின்றது. செல்லியம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தார். அந்த முகம் மெல்ல மெல்லச் சுருங்குவதை ஜெபகுமார் பார்த்தார். காரியத்தன்று பார்த்த அதே முகம். இவ்வளவு தூரம் கூட்டி வந்துவிட்டு, இப்போது ‘இல்லை’ என்று சொல்ல வேண்டும்.

சொல்லவில்லை.

“கதவுக்கு அந்தாண்ட எதுக்கு அண்ணி போவணும்?” என்றார். “இதோ, இந்தக் கல்லுதான். அண்ணன் ஒக்காந்தது இங்கதான்.”

கதவோரம் ஒரு கல் கிடந்தது. மற்ற கற்களுக்கும் அதற்கும் எந்த வித்தியாசமும் இல்லை. அன்னம்மாள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“இங்கியா ஜெபா?”

“இங்கியேதான்.”

“கெழக்க பாத்து ஒக்காருவாரா, மேக்க பாத்தா?”

ஜெபகுமாருக்கு அங்கே எது கிழக்கு என்று தெரியாது.

“மழையப் பாத்து அண்ணி.”

செல்லியம்மாள் அதை ஏற்றுக்கொண்டார். முந்தானையால் கல்லைத் துடைத்தார். ஈரத்தை ஈரத்தால் துடைத்தது போல இருந்தது. உட்கார்ந்தார். பாலிதீன்மேல் மழை விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“சொகமாத்தான் ஒக்காந்துக்கீறே,” என்றார் மழையைப் பார்த்து. “என்னியும் ஒரு தடவ கூட்டிக்கினு வந்திருந்தா இன்னா?”

விமல்ராஜ் எடுத்துக்கொண்டிருந்த வீடியோவை நிறுத்தினான். ஆதிகேசவன் இட்லியை மறந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெகுநேரம் கழித்து எழுந்த செல்லியம்மாள், ஜெபகுமாரின் நனைந்த கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீ இல்லன்னா இந்த எடத்த யாரு காட்டியிருப்பா? அவருக்கு அடுத்து நீதான்பா தலைவரு.”

எல்லோரும் தலையாட்டினார்கள். அன்னம்மாள்கூட ஆட்டினாள். இறங்கும்போது ஜெபகுமாரின் மனசு லேசாக இருந்தது. சேலையை வாங்கிப்போனவர்கள் இனி மாற்றிக் கேட்டு வரமாட்டார்கள் என்று தெரிந்த பிறகு, மாலையில் கடை ஷட்டரை இழுக்கும்போது வருகிற நிம்மதி அது. பொய்தான். ஆனால் அளவெடுத்துத் தைத்ததுபோல ஒரு அம்மாவின் மனசுக்குப் பொருந்திவிட்டது. இதைவிட நல்ல வியாபாரம் அவர் செய்ததில்லை.

கீழே வரும்போது மழை விட்டிருந்தது. காலையில் கண்ணுக்குத் தெரியாத சாலை இப்போது தெரிந்தது. மலைப்பாதை தொடங்குகிற இடத்துக்குச் சற்று முன்னால், தார்ப்பாய் போட்ட ஒரு டீக்கடை. ஒரு அம்மா பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். பார்சல்கள் எல்லாம் உள்ளே புகுந்தன.

“எல்லாருக்கும் டீ போடும்மா,” என்று தலைவருக்குரிய குரலில் சொல்லிவிட்டு, ஜெபகுமார் பெஞ்சின் காலியான ஓரத்தில் உட்காரப் போனார்.

“சார், சார், அங்க ஒக்காராதீங்க,” என்றார் கடைக்கார அம்மா. “அது ஒருத்தரு எடம். நீங்கல்லாம் எந்த ஊரு?”

“காஞ்சிபுரம்மா,” என்றார் செல்லியம்மாள்.

“அப்ப உங்க ஊர்க்காரருதான்! ஷேர் ஆட்டோ ஓட்டுவாரு, பழனின்னு பேரு. மழை புடிச்சா ஒரு நாளு வந்துடுவாரு, மலைக்கு முந்தி இங்கியே ஒக்காந்து டீ குடிச்சிட்டு, ஒரு படி ஏறாம அப்டியே ஊருக்குத் திரும்பிடுவாரு. இந்த வருசம்தான் இன்னும் காணோம்.”